இல்லாத அக்காவைப் பார்த்துக்கொள்ளப் போனவள்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அப்படிச் சொன்னால் பாதிதான் உண்மை. கதையை என் கணவர் பதினோரு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டார். எனக்குத் தகவல் வந்ததுதான் அந்த அழைப்பில்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் பேசினார்.

"மேடம், சார் செல்போன் எடுக்கல. செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு ஊசி போட்டுக்கக் கத்துக்குடுக்கறோம், மறக்காம வரச் சொல்லுங்க. ஆமா, நீங்க எப்ப ஊர்லேருந்து வந்தீங்க?"

"எந்த ஊர்லேருந்து?"

"உங்க அக்காவப் பாத்துக்கப் போயிருக்கீங்கன்னு சார் சொன்னாரே. இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்திருக்காங்கன்னு. பாவம், இப்ப எப்படி இருக்காங்க? நடக்கறாங்களா?"

எனக்கு அக்கா கிடையாது. வீட்டில் நான்தான் மூத்தவள். இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள், இருவருடைய இடுப்பும் சௌக்கியம்.

"பரவாயில்ல, சுவரப் பிடிச்சுக்கிட்டு நடக்கறாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. முப்பது வருடம் கதை எழுதிக் கெட்டுப்போன வாய். யாராவது ஒரு பாத்திரத்தை நீட்டினால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். என்னைக் கேட்காமல் என்னை ஒரு கதையில் போட்டிருக்கிறார். போட்டதுதான் போட்டார், வீட்டுக்குள்ளாவது வைத்திருக்கலாம். பதினோரு மாதமாக வெளியூருக்கு அனுப்பி வைத்திருக்கிறார்.

2

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன்பு என் கணவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். அறுவை செய்து எடுத்தார்கள். நோய் போய்விட்டது. சுரப்பியை ஒட்டி இரண்டு பக்கமும் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன, விறைப்பு என்பது அவற்றின் பொறுப்பு. ஒரு பக்கத்தைக் காப்பாற்றிவிட்டதாக அறுவை மருத்துவர் சொன்னார். "நரம்பு அதிர்ச்சியில இருக்கும். முழிச்சுக்க ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாம்" என்றார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். அதன்பிறகு அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது இந்தக் கதைக்கு ஒரு முதல் வரி வேண்டும். எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

"குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயை முழுவதும் திறந்துவிட்டு, அவர் கண்ணாடியில்" (கண்ணாடியில் என்ன பார்த்தார்? நான் அந்தக் கதவுக்கு வெளியே இருந்தவள். விட்டுவிட்டேன்.)

"ஆண்மை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று யோசித்தால்" (கட்டுரைப் போட்டி நடுவர்களுக்குப் பிடிக்கும். சீ.)

"அவள் வெளியூரிலிருந்து திரும்பிய அன்று" (இதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. ஆனால் கோபத்தில் எழுதியது, ஆறட்டும்.)

அடுத்த தொல்லை, அவருடைய தொழில். ஆளை மறைக்க வேண்டுமே என்று முதலில் அவரை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். இரண்டு பக்கம் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த விஷயத்தில் லிஃப்ட் மெக்கானிக்கை வைத்தால் வாசகர் மூன்றாவது வரியிலேயே சிரித்துவிடுவார், அப்புறம் யாராலும் அவரை அழவைக்க முடியாது. பிறகு மாலுமி ஆக்கினேன். எனக்குக் கடல் தெரியாது. கடைசியில் உள்ளதையே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவர் கடைகளின் எடை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. சரிசெய்த இயந்திரத்தை உடனே கொடுக்க மாட்டார். ஒரே எடைக்கல்லை அதன்மேல் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார். மூன்று நாளும் அதே எண் வரவேண்டும். மூன்றாவது நாள் ஒரு கிராம் பிசகினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுவார். கடைக்காரர் வாசலில் நின்று காட்டுக்கத்தல் கத்தினாலும் கொடுக்க மாட்டார். பிரித்துப் போட்டிருக்கும்போது உடையவரை உள்ளே விடவும் மாட்டார். "மூணு தரம் சரியா காட்டட்டும், நானே கொண்டாந்து தர்றேன்" என்பார். அதனால் கடைத்தெருவில் அவருக்குப் பெயரே மூணுதரம். இந்தக் கதையிலும் அப்படியே இருக்கட்டும்.*

* இந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியுமாம்.

3

இனி நடந்தது.

தினமும் காலையில் மூணுதரம் குளியலறைக்குள் போனால் குழாய்ச் சத்தம் பத்து நிமிடம் நிற்காது. அந்தச் சத்தத்துக்கு அடியில் கிரீச் கிரீச்சென்று இன்னொரு சத்தம் கேட்கும். அறுவைக்குப் பிறகு முதல் சில மாதங்கள் அவருக்குச் சிறுநீர் கசிந்துகொண்டிருந்தது. உள்ளாடையில் பஞ்சுப் பட்டை வைத்துக்கொண்டுதான் வெளியே போவார். அதைத்தான் வெட்கப்பட்டுத் தேய்த்துத் துவைக்கிறார் போல என்று நான் பெரிய மனுஷி மாதிரி கேட்காமல் இருந்தேன்.

செவிலியர் பேசிய அன்று பட்டறைக்குள் போனேன். அடுத்தவர் பொருளைத் துழாவுவது தப்புதான். ஒரு எழுத்தாளர் அதைச் சொல்லி வெட்கப்படுவது அதைவிடப் பெரிய பொய். எடைக்கற்கள் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழல், அதன் ஒரு முனையில் கையால் அழுத்தும் பம்ப், சில ரப்பர் வளையங்கள். கூடவே ஒரு விளக்கத்தாள். குழலுக்குள் காற்றை உறிஞ்சினால் ரத்தம் உறுப்புக்குள் இறங்கி விறைப்பு வரும். நரம்பு தூங்கும் காலத்தில் தசை வாடிப்போகாமல் இருக்கத் தினமும் செய்ய வேண்டிய பயிற்சி. கிரீச் கிரீச் அதுதான்.

குழலில் ஒரு அட்டை நூலால் கட்டியிருந்தது. பழுதுக்கு வரும் ஒவ்வொரு இயந்திரத்திலும் அவர் கட்டும் அதே அச்சடித்த அட்டை. வந்த தேதி, பழுது, உடையவர், திருப்பிக் கொடுத்த தேதி என்று கட்டங்கள் இருக்கும்.

பழுது என்ற இடத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை. உடையவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

[இந்த இடத்தில் எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கதையில் அல்ல, இப்போது, எழுதும்போது.]

அட்டையின் பின்பக்கம் முழுக்கத் தேதிகள், பக்கத்தில் எண்கள். விளக்கத்தாளின் ஓரத்தில் செவிலியர் எழுதிக் கொடுத்திருந்தார்: ஒன்று என்றால் பெரிதாகும், கெட்டிப்படாது. இரண்டு என்றால் கொஞ்சம் கெட்டி. மூன்று வந்தாலே தாம்பத்தியத்துக்குப் போதும். நான்கு முழுமை. பம்ப் இல்லாமல், மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு பார்க்கும் நாட்களுக்கான கணக்கு அது. அவரும் ஒழுங்காக எழுதியிருந்தார். முதல் ஆறு மாதம் ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. பிறகு மூன்று தலைகாட்டுகிறது. ஒன்பதாவது மாதம்: நான்கு, நான்கு, இரண்டு. அதன் கீழே கோடு. மறுபடி: நான்கு, நான்கு, மூன்று. கோடு. நான்கு, மூன்று. கோடு.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் உச்சந்தலை வரை சூடு ஏறியது.

மூணு தரம் வரவில்லையாம். அதனால் உடையவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லையாம்.

4

இனி இந்தக் கதை கோபத்தில்தான் நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் நான்கும் வந்த நாட்களை எண்ணினேன். இருபத்தாறு. இருபத்தாறு நாள் இந்த மனிதர் எழுந்து, நன்றாக இருக்கிறது என்று பார்த்து, எண்ணை எழுதிவிட்டு, முகம் கழுவி, மேசைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றிருக்கிறார். நானும் "ஆமா" என்றிருக்கிறேன்.

பதினோரு மாதமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? என்மேல் அவருக்கு ஆசை விட்டுப்போயிற்று என்று. அறுவையோடு அதையும் வெட்டி எடுத்துவிட்டார்கள், இனி நாம் ஒரு வீட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் இரண்டு நல்ல மனிதர்கள் என்று. ஐம்பத்தெட்டு வயதில் கண்ணாடி முன் நின்று என் கழுத்துச் சுருக்கத்தைப் பார்த்து ஒருநாள் அழுதேன். அட, மடச்சி.

இந்த இடத்தில் கதாநாயகன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு கல்லாகவா இருப்பார்? எதற்கு இந்தப் பிடிவாதம்? மூன்று தடவை இந்தப் பகுதியை எழுதினேன், மூன்று தடவையும் அவர் வில்லனாகவே வந்தார். படிக்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததனாலேயே எனக்குச் சங்கடமாக இருந்தது.

சரி. சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் ஒரு வரியை உங்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன்.

அட்டையின் முதல் தேதி ஒரு திங்கட்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நோயின் தடயமே இல்லை. அன்று சமையலறையில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து என் இடுப்பில் கை வைத்தார். இரண்டரை மாதம் கழித்து முதல் தடவை. கை லேசாக, அனுமதி கேட்பது போல இருந்தது. நான் திரும்பி, சிரித்து, சோப்பு நுரைக் கையோடு அவர் கன்னத்தைத் தட்டி

(இங்கேதான் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுவேன்.)

கன்னத்தைத் தட்டி, "அதெல்லாம் இனிமே எதுக்குங்க? நீங்க உயிரோட இருந்தா எனக்குப் போதும்" என்றேன்.

அன்பாகத்தான் சொன்னேன். சத்தியமாக. அவருக்குப் பாரம் குறையட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். "சரி" என்றார். அவரைத் தூங்க விடவேண்டும் என்று அறுவைக்குப் பிறகு அடுத்த அறைக்குப் போன நான் அங்கேயே தங்கிவிட்டேன். திங்கட்கிழமை அவர் மருத்துவமனைக்குத் தனியாகப் போயிருக்கிறார். "அடுத்த தடவை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க சார்" என்று செவிலியர் சொல்லியிருப்பார். அப்போதுதான் எனக்கு ஒரு அக்கா பிறந்திருக்கிறாள், பிறந்த அன்றே இடுப்பெலும்பும் முறிந்திருக்கிறது.

வேண்டாம் என்று சொன்னவளை எப்படிக் கூட்டிக்கொண்டு போவார்?

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். உங்களுக்கு எது பிடிக்கும்?

(அ) ஒருநாள் மூன்று தரமும் நான்கு வந்துவிடுகிறது. மூணுதரம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு என் அறைக் கதவைத் தட்டுகிறார். (பத்திரிகைக்காரர்கள் கேட்பது இதைத்தான். நரம்பு பத்திரிகை படிப்பதில்லை.)

(ஆ) நான் ஒன்றும் தெரியாதவள் போலவே கடைசிவரை இருந்துவிடுகிறேன். தியாகம். (எனக்கு இதை எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

(இ) அட்டையை அவர் முகத்தில் வீசி "நான் என்ன கடைக்காரியா?" என்று கத்துகிறேன். (இதை எழுதும்போது சுகமாக இருந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில் அவர் அட்டையைக் குனிந்து பொறுக்குகிற இடம் வந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை.)

மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு முன்பே கிளம்பி மருத்துவமனைக்குப் போனேன்.

6

காத்திருப்பு அறையில் வரிசையாக நீல நாற்காலிகள். மூன்று ஆண்கள், ஆளுக்கொரு நாற்காலி இடைவெளி விட்டு, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் பெண். எல்லாரும் அவரவர் மனைவியை எந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறார்களோ என்று தோன்றியது.

பத்து இருபத்தைந்துக்கு மூணுதரம் மருத்துவக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். நாற்பது வருடமாக இயந்திரம் பழுதுபார்ப்பவருக்கு, பட்டறைக்குள் உடையவர் நுழைந்துவிட்டால் முகம் எப்படி ஆகும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அதற்குள் செவிலியர் கதவைத் திறந்தார். "அட, மேடமும் வந்துட்டீங்களா! எப்ப வந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சல் என்று எழுதினால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் கெஞ்சல்தான்.

"நேத்து சாயங்காலம்தான் வந்தேன் சிஸ்டர்" என்றேன். "அக்காவுக்கு இப்ப தேவல. இனிமே அங்க போகத் தேவையில்ல."

அவருக்கு மூச்சு வந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு பஞ்சுத் துண்டு, நூலிழை போன்ற ஊசி. மாத்திரை ஒருநாள் கேட்டு ஒருநாள் கேட்காதவர்களுக்கு இது, மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், உறுப்பின் பக்கவாட்டில் போட வேண்டும், பத்து நிமிடத்தில் விறைப்பு வரும், நான்கு மணி நேரத்துக்குமேல் இறங்காவிட்டால் உடனே இங்கே ஓடிவர வேண்டும் என்று செவிலியர் சொல்லிக்கொண்டே போனார். மூணுதரம் பஞ்சில் குத்திப் பார்த்தார். ஊசி கோணலாகப் போனது.

"கை நடுங்குது சார் உங்களுக்கு. சில வீட்ல வீட்டுக்காரம்மாதான் போடறாங்க. மேடம், நீங்க பாக்கறீங்களா?"

"எனக்குக் கை நடுங்காது" என்றார் அவர் விறைப்பாக. "மில்லிகிராம் பாக்கற கை இது."

"குடுங்க இப்படி" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பாதித் தெருவில் நான்தான் கேட்டேன்.

"இருபத்தாறு நாள். ஏன் வரல?"

அட்டையைப் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குப் புரிந்தது. கொஞ்ச தூரம் நடந்தார். "வந்து, பாதியில விட்டுப்போச்சுன்னா?"

"போனாப் போகுது."

"உனக்கு அப்படிச் சொல்லிட முடியும்."

"ஏன், உங்களுக்கு என்ன?"

"நீ கன்னத்தைத் தட்டுவே" என்றார். "அதுக்கு அப்புறம் என்னால எந்திரிச்சுப் போக முடியாது."

7

இதுவரை உள்ள ஆறு பகுதிகளையும் புதன்கிழமை அவரிடம் கொடுத்தேன். கேட்காமல் என்னைக் கதையில் போட்டதற்குத்தானே அத்தனை கோபம், நானும் அதையே செய்தால் எப்படி? பட்டறையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். பிரித்துப் போட்ட ஒரு இயந்திரம் மேசையில் கிடந்தது, போ என்று அவர் சொல்லவில்லை.

முடித்துவிட்டு, "ஒரு கிராம்னு எழுதியிருக்கே. அரை கிராம் பிசகினாலே நான் முதல்லேருந்து எண்ணுவேன்" என்றார்.

"மாத்திடறேன்." (மாற்றவில்லை. அரை கிராம் என்றால் வாசகர் நம்பமாட்டார்.)

"எல்லாரும் படிப்பாங்களா?"

"நீங்க வேணாம்னா வேணாம்."

தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். ரொம்ப நேரம் ஒழுங்குபடுத்தினார். கதை போனால் போகட்டும், இந்த மனிதர் மறுபடி ஒரு "சரி" சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டால் நான் என்ன செய்வேன் என்றுதான் இருந்தது.

"அந்த வரிய வேணா எடுத்துடறேங்க" என்றேன். "பாத்திரம் தேய்ச்சப்ப சொன்னது."

"எடுக்காத. இருக்கட்டும். அதுக்கு அன்னிக்கு நான் பதில் சொல்லல."

"இப்ப சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "உயிரோட இருந்தா உனக்குப் போதும்னே. எனக்குப் போதல" என்றார்.

அழுதுவிட்டேன். அவரும்தான். அறுபத்துமூன்று வயது ஆள், எடைக்கற்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மூக்கைச் சிந்தச் சிந்த அழுதார். "எனக்கும் போதலங்க" என்று நான் சொன்னது அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ. அதனால் இரண்டாவது தடவையும் சொன்னேன்.

8

சனிக்கிழமை காலை. பட்டறை பூட்டியிருக்கிறது. மருந்து குளிர்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊசி போடப் போவது நான். அவர் இரண்டு தடவை வந்து, இந்த மேசைக்கு எதிரே நின்று, ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கும் கை லேசாக நடுங்குகிறது. எழுத்து கோணுவதைப் பார்த்தால் தெரியும்.

நான் எழுந்து போனபிறகு என்ன நடந்தது என்று எழுதத்தான் இந்தப் பகுதிக்கு எண் போட்டேன். நான்கு நாட்கள் கழித்து இதோ திரும்பி வந்திருக்கிறேன், மேலே உள்ள பத்தியை அப்படியே விட்டிருக்கிறேன். என்ன எண் வந்தது, மூன்றா நான்கா, அல்லது ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. பதினோரு மாதம் ஒரு மனிதர் அந்தக் கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார், அவர் என்ன ஆனார் என்று பார்த்தீர்கள்.

எனக்கு அதை எழுத வரவில்லை. வெட்கத்தால் இல்லை, இவ்வளவு எழுதினவளுக்கு இனி என்ன வெட்கம். எண்ணை எழுதினால் அதோடு கதை தீர்ந்துவிடும், எங்களுக்கு அது தீரவில்லை.

ஆகையால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஊசி வேலை செய்யட்டும், செய்யாமல் போகட்டும், பாதியில் விட்டுப்போகட்டும், இருவரும் சிரிக்கட்டும், அழட்டும், தூங்கிப்போகட்டும். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்த அறையில் இரண்டு பேரும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.